ஆறு பேர் குடும்பத்துக்கு எந்தப் பழைய பாண்டூன் படகு?

கேள்வி இதுதான். வீட்டில் ஆறு பேர்: கணவன், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, எழுபதைத் தாண்டிய அப்பா. வாரயிறுதியில் சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவுப் பக்கமும், முடிந்தால் தெற்கே லாசரஸ் தீவுக்கும் போய்வர ஒரு பாண்டூன் படகு, அதாவது காற்றடைத்த அலுமினியக் குழாய்களின் மேல் மட்டமான தளம் வைத்த படகு, தேடுகிறீர்கள். இரண்டு கிடைத்திருக்கின்றன. முதலாவது 2011இல் செய்த 22 அடிப் படகு. இரண்டு குழாய், 90 குதிரைத்திறன் இயந்திரம், ஓடியது 180 மணி நேரம்தான். அமெரிக்காவில் ஏரியில் ஓடிவிட்டு இங்கே வந்து ஒன்றரை வருடமாகத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது. மெத்தையும் தரைவிரிப்பும் புத்தம் புதிது. இரண்டாவது 2015இல் செய்த 23 அடிப் படகு. மூன்று குழாய், 150 குதிரைத்திறன், 640 மணி நேரம் ஓடியிருக்கிறது. கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மெத்தை கிழிந்து பஞ்சு தெரிகிறது. விலை 12,000 வெள்ளி கூடுதல். "வீட்டில் எல்லாருக்கும் முதலாவதுதான் பிடித்திருக்கிறது, நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, இரண்டாவதை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிட்டு வாங்குங்கள். லாசரஸ் தீவு ஆசையை மட்டும் இந்தப் படகோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொங்கோலிலும் சாங்கியிலும் படகுப் பட்டறைகளில் இருபத்திரண்டு வருடமாக, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான். பழைய படகு வாங்குகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

முதலில் இந்தப் படகு எந்தத் தண்ணீருக்குப் பிறந்தது என்று பார்ப்போம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, எஃகுப் பீப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, மேலே மரத்தளம் அடித்து ஏரியில் மிதக்கவிட்டார். இன்றைய அலுமினியப் பாண்டூன் படகுகளுக்கு அதுதான் மூதாதை. சுற்றிலும் கரை தெரிகிற ஏரி, உப்பில்லாத தண்ணீர், சின்ன அலை: இதற்காகவே வளர்ந்த படகு இது. தளம் மட்டமாக இருக்கும், பக்கவாட்டில் ஆடாது, வீட்டு வரவேற்பறை மாதிரி உட்காரலாம். குடும்பத்துக்கு இதைவிட வசதியான படகு கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வசதி எல்லாம் அமைதியான தண்ணீரில்தான்.

சிங்கப்பூரில் அந்த மாதிரித் தண்ணீர் எங்கே இருக்கிறது? நீர்த்தேக்கங்களில் நம் சொந்த மோட்டார் படகை இறக்க முடியாது. மிச்சம் இருப்பது கடல். அதில் நீங்கள் சொல்கிற இரண்டு இடமும் இரண்டு வேறு கடல்கள். உபினும் பொங்கோலும் இருப்பது ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பாதியில். இருபுறமும் நிலம், நடுவில் தீவுகள், மீன் வளர்க்கும் கெலோங்குகள். காற்று இல்லாத காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். பாண்டூனுக்கு ஏற்ற இடம். லாசரஸ், செயிண்ட் ஜான்ஸ், குசு எல்லாம் தெற்கே. செந்தோசா கோவ் படகுத்துறையிலிருந்து பார்த்தால் லாசரஸ் கண்ணெதிரே நிற்கும், தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பக்கம் பயணிப் படகு, இழுவைப் படகு, எண்ணெய்ப் படகு என்று ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அலையை விட்டுப் போகும். இரண்டு திசையிலிருந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதி நிற்கும் இடத்தில் ஒழுங்கான அலை இருக்காது, குழம்பிய தண்ணீர்தான். குறுகலான கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைந்த படகு பெரிய கப்பலின் வழியை மறிக்கக் கூடாது என்பது பன்னாட்டுக் கடல்விதி. விலகி நிற்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், பலர் வரைபடத்தைப் பார்த்தும் கவனிப்பதில்லை. பொங்கோலில் படகைக் கட்டிவைத்தால் வடக்கு வழியாகவே மேற்கே துவாஸுக்குப் போய்விடலாம் என்று நினைப்பார்கள். 1924இல் திறந்த கடற்பாலம் நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டது, படகு நுழைய வழியே இல்லை. உங்கள் படகு வடகிழக்கில் இருந்தால், தெற்குத் தீவுகளுக்குச் சாங்கியைச் சுற்றி, கிழக்குக் கடற்கரையோரம் நங்கூரமிட்ட கப்பல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். குழந்தைகளோடும் அம்மாவோடும் பாண்டூனில் போகிற வழி அது இல்லை. லாசரஸுக்கு ஃபெரி இருக்கிறது, அதில் போய் நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். படகை உபினுக்காக வாங்குங்கள்.

இப்போது குழாய்க் கணக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விற்கிறவர் "இது வேகமாகப் போகும்" என்று மட்டும் சொல்வார். உங்களுக்கு வேகம் முக்கியமில்லை, மிதப்புதான் முக்கியம். 22 அடிப் படகில் குழாயின் நீளம் சுமார் 20 அடி, குறுக்களவு 23 அங்குலம் என்று வையுங்கள். அப்படி ஒரு குழாய் முழுவதும் மூழ்கினால் தள்ளும் தண்ணீர் சுமார் 1.6 டன். இரண்டுக்கும் சேர்த்து 3.2 டன். ஆனால் குழாய் பாதிக்கு மேல் மூழ்கி ஓடக் கூடாது. மேல் பாதிதான் அலை வரும்போது படகைத் தூக்கிக் கொடுக்கும் இருப்பு. ஆக உங்களுக்குக் கிடைப்பது 1.6 டன். படகு மட்டும் 900 கிலோ, இயந்திரம் 165, எண்ணெய் 75, உங்கள் ஆறு பேர் 330, ஐஸ் பெட்டி, தண்ணீர், சாப்பாடு, நங்கூரம் எல்லாம் 100. கூட்டிப் பாருங்கள்: 1,570. முதல் படகு உங்கள் குடும்பம் ஏறியவுடனேயே எல்லையைத் தொட்டுவிடுகிறது. சித்தப்பா குடும்பமும் வருகிறேன் என்று சொன்னால் இடமில்லை. நாற்காலி பத்துப் பேருக்குப் போட்டிருப்பார்கள், குழாய் அத்தனை பேரைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது படகில் 25 அங்குலக் குழாய் மூன்று இருந்தால், ஒவ்வொன்றும் 2 டன், பாதிக்கணக்கில் 3 டன். படகும் 150 குதிரைத்திறன் இயந்திரமும் கனம்தான். எல்லாம் சேர்த்து 2 டன் பக்கம் வரும். அப்படியும் ஒரு டன் கையிருப்பு. அந்த ஒரு டன்னுக்குத்தான் நீங்கள் 12,000 வெள்ளி கொடுக்கிறீர்கள். நேரில் போகும்போது தையல்காரர் நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் குழாயின் சுற்றளவை அளந்துவிடுங்கள். 25 அங்குலக் குழாய் என்றால் சுற்றளவு 78 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, 23 என்றால் 72 அங்குலம். சில படகுகளில் நடுக்குழாய் மட்டும் நீளமோ அளவோ குறைவாக இருக்கும். மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்து மனதில் ஏற்றவில்லை. சில வருடங்களுக்கு முன் என் அக்கா குடும்பத்தை ஒரு தெரிந்தவரின் இரண்டு குழாய்ப் படகில் உபினுக்கும் புலாவ் கெத்தாமுக்கும் இடையே கூட்டிக்கொண்டு போனேன். ஏழு பேர். கரையோரம் நீர்நாய்க் கூட்டம் ஒன்று தெரிந்தது. "அங்கே பார்!" என்று யாரோ சொன்னதும் எல்லாரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள். அதே நேரம் பயணிகளை ஏற்றும் பம்ப்போட் ஒன்று வேகமாகக் கடந்துபோனது. அதன் அலை வருவதைக் கண்டதும் நான் சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். அதுதான் தவறு. வேகம் இறங்கும்போது படகின் மூக்கும் இறங்கும். முன்னால் ஐந்து பேர் கனம் வேறு. இரண்டு குழாயின் முனையும் அலைக்குள் புகுந்து, கடல்தண்ணீர் தளத்தின் மேல் கணுக்கால் அளவுக்கு ஓடிவந்தது. அக்கா மகள் வழுக்கி முன் கதவில் மோதினாள். கதவின் தாழ்ப்பாள் தாங்கிக்கொண்டது. தாழ்ப்பாள் விட்டிருந்தால் அவள் விழுந்திருக்கும் இடம் இரண்டு குழாய்க்கும் நடுவில், அதற்குப் பின்னால் ப்ரொப்பெல்லர். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் எந்தப் படகை வாங்கினாலும் இதை வீட்டுச் சட்டமாக வையுங்கள்: இயந்திரம் ஓடும்போது முன் கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவது அழகாகத்தான் இருக்கும். அமெரிக்க ஏரிகளில் பாண்டூன் படகில் பிள்ளைகள் அடிபடுவதற்கு இது நன்றாகத் தெரிந்த ஒரு காரணம். ஓட்டுகிறவர் கண்டு, யோசித்து, நிறுத்துவதற்குள் படகு விழுந்தவரைக் கடந்துவிடும். இரண்டு படகிலும் நான்கு கதவுகளின் தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாகப் பூட்டி, தோளால் இடித்துப் பாருங்கள். ஆடுகிற தாழ்ப்பாளை மாற்றாமல் ஒரு பயணம்கூட வேண்டாம். அலையைப் பொறுத்தவரை, தூரத்தில் வரும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அது நெருங்கும்போது லேசாக விசை கொடுத்து மூக்கைத் தூக்கி, நேராக முட்டாமல் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள். பத்துத் தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

அடுத்து உப்பு. ஏரியில் ஓடிய படகு என்று சொன்னால் அமெரிக்காவில் அது நல்ல சான்றிதழ். இங்கே ஒன்றரை வருடம் கடல்நீரில் கிடந்த பிறகு அந்தச் சான்றிதழ் செல்லாது. அலுமினியம் தானாக உப்பில் சீக்கிரம் அழியாது. அதோடு எஃகு, செம்பு மாதிரி வேறொரு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் கடல்நீரும் இருந்தால் ஒரு மின்கலம் மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். அதற்குப் பதிலாகக் கரையட்டும் என்றுதான் துத்தநாகக் கட்டியோ அலுமினியக் கலவைக் கட்டியோ குழாயில் பொருத்துகிறோம். ஏரிப் படகுகளில் பெரும்பாலும் குழாயில் கட்டியே இருக்காது. இருந்தாலும் நன்னீருக்கான மெக்னீசியமாக இருக்கும். அது கடலில் மளமளவென்று கரைந்து போய்விடும். அதன் பிறகு குழாய்க்குக் காவலே இல்லை. முதல் படகின் உரிமையாளரிடம் "கட்டி எப்போது மாற்றினீர்கள், எந்த உலோகம்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் மிச்சம் தானாக விளங்கும்.

நம் வெதுவெதுப்பான கடலில், பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் கொட்டலசு என்ன வேகத்தில் ஒட்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதம் விட்டால் குழாயின் அடியில் சொரசொரவென்று வெள்ளைச் சிப்பித் தோல். அதைத் தடுக்க அடிச்சாயம் பூசுவார்கள். பைபர் படகுக்குப் பூசும் செம்புக் கலவைச் சாயத்தை அலுமினியக் குழாயில் பூசினால் பாழ். ஒரு முறை ஒருவர் வாங்கி வந்த படகைக் கரையேற்றி, சிவப்புச் சாயத்தை ஒரு கை அகலத்துக்குச் சுரண்டிப் பார்த்தேன். கீழே அலுமினியம் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி இருந்தது. வடுவுக்குள் வெள்ளை மாவு. நகத்தால் மாவைக் கிளறி எடுத்துவிட்டு, குழாயின் உள்ளே காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால், மூன்று இடத்தில் கடுகளவு குமிழி எழும்பி எழும்பி உடைந்தது. விற்ற பட்டறை சாயம் "புதிதாகப் பூசியது" என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தது. அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்.

ஆகவே முதல் படகைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கரையேற்றச் சொல்லுங்கள். செலவு உங்களுடையது என்று சொன்னாலும் கொடுங்கள். கொட்டலசை இரும்புச் சுரண்டியால் எடுக்கவிடாதீர்கள், மரமோ பிளாஸ்டிக்கோ போதும். நீர்மட்டக் கோட்டையும், குழாயைத் தளத்தோடு சேர்க்கும் பற்றவைப்புக் கோட்டையும், படிக்கட்டின் எஃகுத் திருகுகள் அலுமினியத்தில் இறங்கும் இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அழுத்தச் சோதனை. ஒவ்வொரு குழாயும் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். ஒவ்வோர் அறைக்கும் காற்றழுத்தம் 2 பிஎஸ்ஐ, மிஞ்சினால் 3, அதற்கு மேல் காற்று ஏற்றவே கூடாது. சைக்கிள் பம்பு போதும். கம்ப்ரஸரை வைத்து ஏற்றினால் பற்றவைப்பு பிளந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது படகுக்கும் இதே சோதனைதான். கரையில் இருப்பதால் அரை மணி நேரத்தில் முடியும், அந்த உரிமையாளர் மறுக்கக் காரணமே இல்லை.

தளத்தை மறந்துவிடாதீர்கள். புது விரிப்பு போட்டிருக்கிறார்கள் என்றாலே என் கண் அங்கேதான் போகும். கீழே ஒட்டுப்பலகை. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் அழுத்தி அழுத்தி மூலை மூலையாக நடந்து பாருங்கள், முக்கியமாகக் கதவோரமும் இயந்திரத்துக்கு முன்னாலும். ஓரிடத்தில் பலகை ஊறின பிஸ்கட் மாதிரி அமுங்கினால் முழுத் தளத்தையும் பிரிக்க வேண்டும். பலகை அழுகாமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றியிருப்பார்கள். அது ஈரத்தோடு அலுமினியச் சட்டத்தில் உரசினால் அதையும் அரிக்கும். அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைப் பார்க்காமல் வராதீர்கள்.

இயந்திரத்துக்கு வருவோம். 180 மணி நேரம் என்பதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லாரும் மயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2011இலிருந்து இன்று வரை 180 மணி நேரம் என்றால் பெரும்பாலான நாள் அது ஓடவே இல்லை. உள்ளே தண்ணீரைச் சுழற்றும் ரப்பர் இம்பெல்லர் ஒரே வளைவில் இறுகிப்போயிருக்கும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகியிருக்கும், உப்பு நீர்வழிகளில் கட்டியிருக்கும். ஒழுங்காகப் பராமரித்த நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் 1,500 மணி நேரத்தைத் தாண்டி ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். 640 மணி நேரம் ஓடி, ஓடிய பிறகெல்லாம் நன்னீரால் கழுவி, கரையில் வைத்த இயந்திரம் எனக்கு நிம்மதி. பராமரிப்புப் பில்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னச் சின்னப் பில்கள் வரிசையாக இருந்தால் நல்ல அறிகுறி.

என்னென்ன பார்ப்பது? இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் கவசத்தைத் தொட்டாலே தெரியும். அப்படியென்றால் குளிரில் கிளப்பச் சிரமப்படுகிற இயந்திரம் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை மெக்கானிக்கை வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். அளவு இவ்வளவு இருக்க வேண்டும் என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். அடிப்பாகத்தின் கியர் ஆயில் திருகைக் கழற்றி ஒரு சொட்டு விரலில் எடுங்கள். தெளிவாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. தே தாரிக் மாதிரிப் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி அதன் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சாங்கிப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் அதிகம், நரம்பு சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துத்தான் தண்ணீர் உள்ளே போகும். படகின் பின்பக்க வலது மூலையில் 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட எண் பொறித்திருக்கும். அமெரிக்கப் படகில் அதன் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விற்பவர் சொன்ன ஆண்டோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். இயந்திரத்தின் ஆண்டு தனி, அதன் தகட்டில் இருக்கும்.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் விற்பவரும் மட்டும் போகாதீர்கள். ஆறு பேர் ஏறுங்கள், நண்பர்களைக் கூட்டிப் போங்கள். முழு விசை கொடுக்கும்போது அந்த இயந்திரத்துக்குக் குறித்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது அடியில் கொட்டலசு, அல்லது குழாய்க்குள் தண்ணீர் புகுந்து படகு கனத்திருக்கிறது. நடுக்கடலில் இயந்திரத்தை நிறுத்தி எல்லாரையும் ஒரு பக்கம் நிற்கச் சொல்லுங்கள், பிறகு முன்பக்கம். எவ்வளவு சாய்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். நான் எழுதிய கணக்கெல்லாம் அந்த நிமிடத்தில் விளங்கும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து வருகிற புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்பிலிருந்து நண்பகலுக்குள் வரும், 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். குடும்பங்கள் படகில் கிளம்புகிற நேரமும் அதேதான். மாலையில் வராது என்றும் இருக்க வேண்டாம்: 2024 செப்டம்பர் 17 மாலை அடித்த காற்றில் தீவு முழுக்க 300க்கும் அதிகமான மரங்கள் பாதிக்கப்பட்டன, தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது. பாண்டூன் படகுக்கு நான்கு பக்கமும் வேலி, மேலே கூடாரத் துணி. காற்றுக்கு அது பாய் விரித்த மாதிரி. வானம் மேற்கே கருநீலமாகி ஒரு கோடு போட்ட மாதிரி எழும்பினால் முதல் வேலை கூடாரத்தை மடிப்பது, இரண்டாவது எல்லாருக்கும் மிதவைச் சட்டை, மூன்றாவது அருகிலுள்ள கரை. பிள்ளைகளுக்கு ஏறும்போதே போட்டுவிடுங்கள், எடைக்குப் பொருந்துகிற சின்ன அளவில் தனியாக வாங்குங்கள். இரண்டு குழாய்க்கு ஓர் அடி அலை, மூன்று குழாய்க்கு இரண்டடி அலை, அதற்கு மேல் திரும்பிவிட வேண்டும் என்பது என் அளவுகோல்.

அம்மா விஷயத்தில் இரண்டு படகும் நன்றாகவே இருக்கும், பாண்டூனை நான் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லாததற்கு அதுதான் காரணம். மிதக்கும் துறைமேடையும் படகுத் தளமும் ஏறக்குறைய ஒரே உயரம். நடந்து ஏறலாம், குதிக்க வேண்டாம். மேடை மிதக்காமல் நிலையாகக் கட்டப்பட்டிருந்தால் கதை மாறும். இங்கே ஏற்ற வற்றத்தில் கடல்மட்டம் மூன்று மீட்டர் வரை மாறும். காலையில் சுலபமாக ஏறிய அம்மா மதியம் வற்றத்தில் இறங்க முடியாமல் தவிப்பார். எங்கே கட்டிவைக்கப் போகிறீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முடிந்தால் கரையேற்றி வைக்கும் இடமாகப் பாருங்கள். மாதவாடகை கூடத்தான், ஆனால் குழாய் பிழைக்கும். உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா பக்கம் வற்றத்தில் தரை தெரிந்துவிடும், அங்கே கிட்டே போகவே வேண்டாம். நீரிணையில் ஒரு பக்கம் மலேசிய எல்லை. உங்கள் ஜிபிஎஸ் வரைபடத்தில் எல்லைக் கோட்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் படகுக்கு இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். நாற்காலி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஓட்டுகிறவருக்குப் பொழுதுபோக்குப் படகு ஓட்டும் உரிமம் வேண்டும், எழுத்துத் தேர்வும் செயல்முறைத் தேர்வும் உண்டு. நீங்கள் மட்டும் எடுத்தால் போதாது என்பேன், உங்கள் மனைவியும் எடுக்கட்டும். உங்களுக்கு நடுவில் ஏதாவது ஆனால் பிள்ளைகளைக் கரைக்குக் கொண்டுவர இன்னொரு கை வேண்டும்.

இனி விலை. இரண்டாவது படகின் கிழிந்த மெத்தைதான் உங்களுக்குப் பேரம் பேசக் கிடைத்த வழி. அதைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள், குறைத்த பணத்தில் நீங்களே உங்களுக்குப் பிடித்த நிறத்தில் தைத்துக்கொள்ளலாம். பஞ்சு நனைந்து பூசணம் பிடித்திருந்தால் முழுதாக மாற்றுங்கள், வெயிலில் காயவைத்து ஒப்பேற்ற வேண்டாம், அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு வரும். அழுத்தச் சோதனையிலோ சிலிண்டர் அளவிலோ இரண்டாவது தோற்றுப்போனால் முதலாவதுக்குத் தாவாதீர்கள், இரண்டையும் விட்டுவிட்டு மூன்று மாதம் பொறுங்கள்.

பார்க்கப் போகும்போது டார்ச், நாடா, சோப்பு, தூரிகை, சைக்கிள் பம்பு, பம்பு முனையைக் குழாயின் அடைப்பான் திருகுக்குப் பொருத்தும் இணைப்பு, மண்டியிட ஒரு பழைய துண்டு எல்லாம் எடுத்துப் போங்கள். அடைப்பான் திருகின் அளவை விற்பவரிடம் முதல் நாளே போனில் கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம். சோதனை முடிந்ததும் ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு காற்று ஏற்றினீர்கள், பத்து நிமிடம் கழித்து எவ்வளவு நின்றது என்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.